ஊர் கோச் ஆவது தோற்றவர் வேலையா? கி ரூவை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "பிரெஞ்சுக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சிலருடைய குறிப்பைப் பார்த்தால், பத்து வருஷம் மூன்றாம் நான்காம் டிவிஷனில் ஆடியிருக்கிறார்கள். பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அப்புறம் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு கிளப்புக்குக் கோச். இது என்ன மாதிரி வாழ்க்கை? வேறு வழியில்லாமல் ஒதுங்கியவர்களா, இல்லை அங்கே இதுவே ஒரு தொழிலா?"

தொழில்தான். சொல்லப்போனால் பிரெஞ்சுக் கால்பந்தின் அஸ்திவாரமே இந்த ஆட்கள்தான். பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒன்றும் விளங்காது என்பதால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பெயர் கி ரூ. ஆட்டக்காரராக அவரை யாருக்கும் நினைவில்லை. கோச்சாக அவரை மறந்தவர் பிரான்சில் யாருமில்லை. நீங்கள் கேட்கிற வகையின் உச்சம் அவர். உச்சத்தைப் பார்த்துவிட்டால் மற்றவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கணக்குப் போடுவது சுலபம்.

முதலில் ஊர். பாரிஸிலிருந்து தென்கிழக்கே கிட்டத்தட்ட 170 கிலோமீட்டரில், யோன் ஆற்றங்கரையில், பர்கண்டிப் பகுதியில் இருக்கிறது ஓசேர். எழுத்தில் 'எக்ஸ்' வருவதால் வெளியூர்க்காரர்கள் 'ஓக்சேர்' என்பார்கள். அப்படிச் சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்கு முகம் சுருங்கும், அங்கே 'ஓசேர்'தான். பக்கத்தில் ஷப்லி, ஒயினுக்குப் பெயர்போன இடம். ஊரின் மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்குள். கிளப்பின் ஸ்டேடியத்தில் 18,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதாவது ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தால் இடம் சரியாக இருக்கும்.

கிளப்பை 1905-இல் ஆரம்பித்தவர் எர்னஸ்ட் தெஷான் என்ற பாதிரியார். ஊர்ப் பையன்கள் வழிதவறாமல் இருக்க தேவாலயத்தை ஒட்டி நடத்திய இளைஞர் மன்றம் அது. கிளப்பின் பெயரே 'ஓசேர் இளைஞர் சங்கம்' என்றுதான் பொருள்படும். சின்னத்தில் இன்றும் மால்டா சிலுவை உண்டு. ஸ்டேடியத்துக்கும் அவர் பெயர்தான்: அபே தெஷான், அதாவது தெஷான் பாதிரியார். அதே ஊரில் 'ஸ்தாத் ஓசெருவா' என்று இன்னொரு கிளப்பும் இருந்தது, சர்ச் சாராதவர்களுடையது. இரண்டுக்கும் வாய்க்கால் தகராறுதான். பிரான்சில் பல சிற்றூர்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இதுவே: பாதிரியாருக்கு ஒரு டீம், பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு டீம்.

இந்த விவரம் எதற்கென்றால், பிரான்சில் கிளப் என்பது கம்பெனி மாதிரி பிறக்கவில்லை. 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கமாகப் பிறந்தது. நம் ஊர் படிப்பகம், நற்பணி மன்றம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தலைவர், பொருளாளர், செயலாளர், சந்தா. மைதானம் பெரும்பாலும் நகராட்சியுடையது. கீழ் டிவிஷன் கிளப் ஒன்றின் ஞாயிறு மதியத்தைக் கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். மூன்று மணி ஆட்டம். கோட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர், ஜெர்சியைத் துவைத்துக் காயவைத்தவர், ஓரத்துக் கடையில் மெர்கேஸ் கறிக்குழல் சுட்டு ரொட்டிக்குள் வைத்து விற்பவர், எல்லாரும் சம்பளமில்லாத ஆட்கள். அந்தக் கடை வருமானத்தில்தான் அடுத்த வாரம் வேனுக்கு டீசல். இதற்கு நடுவில் காசு வாங்கும் ஒரே ஆள் பல கிளப்புகளில் கோச் மட்டும்தான். அதுவும் சொற்பம். பலருக்கு நகராட்சியிலோ பள்ளியிலோ பகல் வேலை ஒன்று தனியாக இருக்கும். இந்த இடத்துக்குத்தான் கீழ் டிவிஷன் ஆட்டக்காரர் வந்து உட்காருகிறார். பெரிய லீக் நட்சத்திரம் இங்கே வந்தால் இரண்டு வாரம் தாங்க மாட்டார்.

சரி, ரூவுக்கு வருவோம். 1938 அக்டோபரில் ஜெர்மனி எல்லையோரம் இருக்கும் கோல்மாரில் பிறந்தவர். வளர்ந்தது ஓசேரை ஒட்டிய அப்புவான்யி என்ற கிராமத்தில். பதினாறு வயது வாக்கில் ஓசேர் கிளப்புக்கு ஆட ஆரம்பித்தார். பிறகு புவாத்தியே, லிமோஜ் என்று இரண்டு கிளப்புகளில் சில வருஷங்கள். அவருடைய ஆட்டக்கார வாழ்க்கையைப் பற்றி எழுத இருப்பது இவ்வளவுதான். கால் திறமையில் தான் எந்த உயரத்துக்குப் போவோம் என்பது அவருக்கே சீக்கிரம் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் 1961-இல், 22 வயதில், ஓசேர் கிளப்புக்குக் கோச் வேலை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். விண்ணப்பித்தவர்களிலேயே குறைந்த சம்பளம் கேட்டவர் இவர்தான், அதனால்தான் வேலை கிடைத்தது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை. ரூவின் பிற்கால வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

வேலை 'ஆட்டக்காரர்-கோச்'. அதாவது பயிற்சியும் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் மாட்டிக்கொண்டு களத்திலும் இறங்க வேண்டும். பிரெஞ்சுக் கீழ் டிவிஷன்களில் மிகச் சாதாரணமாக இருந்த ஏற்பாடு இது. கிளப்புக்கு ஒரு சம்பளம் மிச்சம். நீங்கள் பார்க்கும் குறிப்புகளில் ஒருவர் ஒரே கிளப்பில் சில வருஷம் ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இரண்டு இடத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான். ரூ நடுவில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போய்விட்டு 1964-இல் திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு முன்பே, 1963-இல், ழான்-க்ளோத் அமெல் கிளப்பின் தலைவராகியிருந்தார். அமெல் 2009 வரை தலைவராக இருந்தார். 46 வருஷம். ரூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனிதரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் கணக்கில் பாதிப் புகழ் அவருக்குப் போக வேண்டும். மூன்று ஆட்டம் தோற்றால் கோச்சைத் துரத்தும் தலைவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், ரூ லிமோஜில் ஆடிய இன்னொரு பெயராக மட்டுமே மிஞ்சியிருப்பார்.

ஏறிய வேகத்தைப் பாருங்கள். 1961-இல் பிராந்திய லீக். அங்கேயே ஒன்பது வருஷம். 1970-இல் மூன்றாம் டிவிஷன். 1974-இல் இரண்டாம் டிவிஷன். 1980-இல் முதல் டிவிஷன். முதல் பெரிய கோப்பை 1994-இல். வேலைக்குச் சேர்ந்து 33 வருஷம் கழித்து! இன்றைய கால்பந்தில் ஒரு கோச்சுக்கு 33 வாரம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நடுவில் 1979-இல் ஒரு திருப்பம். இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது ஓசேர். எதிரணி நாந்த், அந்தக் காலத்தின் பெரிய அணி. எக்ஸ்ட்ரா டைம் வரை இழுத்துப் பிடித்து 4-1 என்று தோற்றார்கள். ஆனால் அதற்குள் ஓசேர் என்று ஓர் ஊர் இருப்பது நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் ஆயிரக்கணக்கான கிளப்புகள் சேரும், கிராமத்து டீம் முதல் பாரிஸ் வரை. இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் ஆட்டம் சின்ன கிளப்பின் மைதானத்தில்தான். ஊர் கோச் ஒருவருடைய பெயர் தேசியப் பத்திரிகையில் வருவதற்குப் பெரும்பாலும் இது ஒன்றுதான் வாசல்.

முதல் டிவிஷனுக்கு வந்ததும் பணம் வேண்டுமே? ரூ போலந்துப் பக்கம் பார்த்தார். அங்கே அப்போது நல்ல ஆட்டக்காரர்கள், குறைந்த விலை. 1974 உலகக் கோப்பையில் கலக்கிய ஆந்த்ஜெய் ஷார்மாக் 1980-இல் ஓசேருக்கு வந்து ஐந்து சீசனில் முதல் டிவிஷனில் 94 கோல் அடித்தார். அவருக்கு முன்பே, 1978-இல், யோசெஃப் குளோசே என்றொரு போலந்து ஆட்டக்காரர் வந்திருந்தார். கைக்குழந்தையோடு வந்தார். ஓசேரில் சில வருஷம் வளர்ந்த அந்தக் குழந்தைதான் பின்னாளில் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையில் 16 கோல் அடித்துச் சாதனை படைத்த மிரோஸ்லாவ் குளோசே.

ஆனால் வாங்குவது ரூவுக்குப் பிடித்த வேலை இல்லை. வளர்ப்பதுதான். 1982-இல் கிளப்புக்கென்று பயிற்சி மையம் திறக்கப்பட்டது. பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைக் கொண்டுவந்து, தங்கவைத்து, சோறு போட்டு, பள்ளிக்கும் அனுப்பி, ஆட்டக்காரராக்கும் இடம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியக் கோப்பை, காம்பர்தெல்லா என்று பெயர், அதை ரூ காலத்தில் மட்டும் ஓசேர் ஆறு முறை வென்றது. பாரிஸும் மார்சேயும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த மையத்துக்கு வந்தவர்களில் ஒருவன் மார்சேயின் மேட்டுப் பகுதியில் வளர்ந்த எரிக் காண்டோனா. அவனுக்கு நீஸ் கிளப்பும் பொறி வைத்திருந்தது. நீஸில் ஜெர்சி கேட்டபோது காசு கேட்டார்களாம். ஓசேரில் ரூ கை நிறைய ஜெர்சியும் கொடிகளும் கொடுத்து அனுப்பினாராம். அதனால் ஓசேருக்கு வந்தேன் என்பது காண்டோனா சொன்ன கதை. நாட்டிலேயே கருமி என்று பெயரெடுத்த கோச், எங்கே கையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். 1983 நவம்பரில் நான்சிக்கு எதிராக, 17 வயதில், காண்டோனாவை முதல் அணியில் இறக்கினார். பிறகு பையனின் கோபத்துக்குக் கொஞ்சம் காற்றாட விட, தெற்கே மார்திக் என்ற சின்ன கிளப்புக்கு லோனில் அனுப்பினார். 1988-இல் மார்சேய்க்கு விற்றபோது கிடைத்தது பெரிய தொகை.

இன்னொருவர் பசீல் போலி. பெயர்தான் போலி, டிஃபெண்டர் அசல். ஐவரி கோஸ்டில் பிறந்து, ஓசேரில் 16 வயதிலேயே முதல் அணிக்கு வந்தவர். 1993-இல் மார்சேய் ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது மிலானுக்கு எதிராக அந்த ஒற்றைக் கோலைத் தலையால் அடித்தவர் அவர்தான். அவர் ஓசேரில் இருந்தபோது இரவில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார் என்று, ரூ அந்த மொபெட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்துவிட்டார். இந்தக் கதை பிறகு பலமுறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்பட்டதுண்டு. மற்ற ஆட்டக்காரர்களுடைய காரின் கிலோமீட்டர் மீட்டரைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையில் எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியிலும் இரவு விடுதிகளிலும் அவருக்குச் சொல்லி அனுப்ப ஆள் இருந்தது. ஓசேர் அளவு ஊரில்தான் இது நடக்கும். பாரிஸில் எந்தச் சாவடிக்கென்று ஆள் வைப்பது? ஊர்க் கோச்சின் ஆயுதம் இதுதான்: ஊரில் எல்லாரையும் தெரியும்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழலாம். இது பயிற்சியா, வேவு பார்ப்பதா? நியாயமான கேள்வி. இன்று ஒரு கோச் இப்படிச் செய்தால் ஆட்டக்காரர் சங்கம் வழக்குப் போடும், போடவும் வேண்டும். எனக்கும் இதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் அந்த மையத்தில் இருந்தவர்களில் பலர் வீட்டை விட்டு வெகுதூரம் வந்த பதினாறு வயதுப் பையன்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இந்த ஆள் கண் கொத்திப் பாம்பாக இருப்பது பிடித்திருக்கும்.

ஆட்டமுறையிலும் பழைய ஆள்தான். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காப்பது, முன்னே மூன்று பேர், ஓரங்களில் வேகமானவர்கள். தஹீட்டித் தீவிலிருந்து வந்த பஸ்கால் வாய்ருவாவின் இடது கால் கிராஸ்கள் அந்த அணியின் அடையாளம். மற்றவர்கள் எல்லாரும் பகுதி காக்கும் முறைக்கு மாறிய பிறகும் ரூ பிடிவாதமாக ஆளைத்தான் காக்கச் சொன்னார். வல்லுநர்கள் கிண்டலடித்தார்கள். 1993-இல் யுஇஎஃப்ஏ கோப்பையில், அதாவது ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டியில், இதே முறையோடு நெதர்லாந்தின் அயாக்ஸை வெளியேற்றி அரையிறுதி வரை போனார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்டோடு அங்கே 0-2, இங்கே 2-0, பெனால்டியில் தோல்வி. அடுத்த வருஷம் மொன்பெலியேவை 3-0 வென்று பிரெஞ்சுக் கோப்பை.

1995-96 சீசனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்சலோனாவுக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு சீசன் லோரான் பிளான் இங்கே ஆடினார். நடுக்களத்தில் கொரான்தான் மார்தான்ஸ், சப்ரி லமூஷி. முன்னால் லிலியான் லாஸ்லாந்த். ஓரத்தில் பெர்னார் தியொமேத். லீக் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை, இரண்டும் ஒரே சீசனில். கோப்பையின் இறுதியில் எதிரே நின்றது மூன்றாம் டிவிஷனில் இருந்த நீம். 2-1 என்று முடிந்தது. பதினேழு வருஷத்துக்கு முன் கீழிருந்து ஏறிவந்து அதே இறுதியில் தோற்ற கோச், இப்போது மேலே நின்றுகொண்டு, கீழிருந்து ஏறிவந்த ஓர் அணியைத் தோற்கடிக்கிறார். ரூவுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீகில் அயாக்ஸ், ரேஞ்சர்ஸ், கிராஸ்ஹாப்பர்ஸ் இருந்த பிரிவில் முதலிடம். காலிறுதியில் மறுபடி டார்ட்மண்ட், மறுபடி தோல்வி. அந்த வருஷக் கோப்பையை வென்றதே டார்ட்மண்ட்தான். சொந்த மைதானத்து ஆட்டத்தில் லாஸ்லாந்த் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலை நடுவர் மறுத்ததை ஓசேர் பெரிசுகள் இன்னும் மறக்கவில்லை.

2000-இல் கோச் நாற்காலியை விட்டார். ஒரு வருஷம்தான். 2001-இல் திரும்பிவிட்டார். அதே வருஷக் கடைசியில் இதய பைபாஸ் அறுவைசிகிச்சை. அதிலிருந்தும் திரும்பினார். ஜிப்ரீல் சிசே, ஃபிலிப் மெக்ஸெஸ், ழான்-அலான் பும்சோங் என்று இன்னொரு தலைமுறை. 2002-இல் லண்டன் ஹைபரியில் ஆர்சனலை 2-1 வென்றார்கள். 2003-இல் பாரிஸ் அணியை வென்று ஒரு பிரெஞ்சுக் கோப்பை. 2005-இல் செதானை வென்று இன்னொன்று. அந்தக் கோப்பையின் கையோடு, 66 வயதில், போதும் என்றார்.

அதோடு நின்றிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். 2007-இல் வடக்கே லான்ஸ் கிளப் அழைத்தது. வயது வரம்பு 65 என்று லீக் முதலில் ஒப்பந்தத்தை மறுத்தது, பெரிய சர்ச்சையானது, பிறகு அனுமதித்தது. நான்கே லீக் ஆட்டம். ஸ்ட்ராஸ்பர்கில் நடந்த நான்காவது ஆட்டத்தின் நடுவிலேயே விலகும் முடிவை எடுத்துவிட்டார். ஓசேரில் 890, லான்ஸில் 4, மொத்தம் 894 முதல் டிவிஷன் ஆட்டங்கள். அந்த 4-ஐ அவமானமாக எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. லான்ஸ் பழைய சுரங்க ஊர், வெறிகொண்ட ரசிகர்கள், அருமையான கிளப். குறை அங்கே இல்லை. அங்கே ரூவுக்குச் சாவடிக்காரரைத் தெரியாது, கடைக்காரரைத் தெரியாது, தலைவரோடு நாற்பது வருஷப் பழக்கம் கிடையாது. அவருடைய வித்தையில் பாதி அவர் தலைக்குள் இருந்தது, மீதி ஓசேர் தெருக்களில் இருந்தது.

உங்கள் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. பெரிய லீக் கோச்சின் சரக்கு கைப்பெட்டியில் போகும். இன்று மாட்ரிட், நாளை லண்டன். ஊர்க் கோச்சின் சரக்கு நிலத்தோடு ஒட்டியது. கீழ் டிவிஷனில் பத்து வருஷம் ஆடியவர் அந்த வட்டாரத்தில் எந்த மைதானம் மழையில் சேறாகும், எந்தத் தலைவர் சொன்ன காசைக் கொடுப்பார், எந்தப் பையனின் அண்ணன் இவனைவிட நன்றாக ஆடிப் பாதியில் விட்டான் என்பதெல்லாம் தெரிந்தவர். அந்த அறிவுக்குச் சம்பளம் குறைவு, மாற்று ஆள் கிடைப்பது கடினம்.

இப்போது ரூ மாதிரி ஒருவர் வர முடியுமா என்றால், 22 வயதில் கடிதம் எழுதி வேலை வாங்குவது இனி முடியாது. பிரெஞ்சுக் கால்பந்தில் கோச்சுக்குச் சான்றிதழ்ப் படிக்கட்டு உண்டு. பிராந்திய லீகின் மேல்தட்டில் பயிற்சி கொடுக்க பே-ஈ-எஃப் என்ற சான்றிதழ், அதற்கு மேலே தேசிய அளவு அமெச்சூர் டிவிஷன்களுக்கு டே-ஈ-எஸ், லீக் 1, லீக் 2, அதாவது இன்றைய முதல், இரண்டாம் டிவிஷன்கள் என்றால் பே-ஈ-பே-எஃப். கடைசிப் படிப்புக்கு ஒரு வருஷத்தில் சிலருக்கே இடம். சான்றிதழ் இல்லாத கோச்சை நிறுத்தினால் கிளப்புக்கு அபராதம். 2022-23 சீசனில் வில் ஸ்டில் என்ற இளைஞரை வைத்து ஆடியதற்காக ரைம்ஸ் கிளப் ஆட்டத்துக்கு 25,000 யூரோ கட்டியது. ரைம்ஸ் கட்டும், ஊர் கிளப் எங்கே போகும்? அதனால் இன்று கீழ் டிவிஷன் ஆட்டக்காரர் முப்பது வயது தாண்டியதும் பூட்ஸைக் கழற்றும் முன்பே படிப்பைத் தொடங்கிவிடுகிறார். முதலில் பதினைந்து வயதுப் பையன்கள், பிறகு ரிசர்வ் அணி, பிறகு முதல் அணி.

அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மிதித்து வந்தவர் கிறிஸ்தோஃப் பெலிசியே. துலூஸ் பக்கத்து ரெவெல் ஊர்க்காரர், 1965-இல் பிறந்தவர். ஆட்டக்காரராக இருந்ததும் கோச்சாகத் தொடங்கியதும் அந்த வட்டாரத்துச் சிறு கிளப்புகளில். 2007-இல் லுஜெனாக் போனார். பிரெனே மலையடிவாரத்தில் அறுநூறு சொச்சம் பேர் வாழும் கிராமம். அந்தக் கிராமத்து அணியை 2014-இல் மூன்றாம் டிவிஷனில் இரண்டாம் இடம் பிடிக்கவைத்து லீக் 2-க்குத் தகுதி பெறவைத்தார். ஆனால் ஸ்டேடியம் சரியில்லை என்று லீக் அனுமதி மறுத்துவிட்டது. களத்தில் வென்ற இடம் காகிதத்தில் போயிற்று. அணி கலைந்தது, கிளப் பிராந்திய லீகுக்கு இறங்கியது.

வேறு ஆளாக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். பெலிசியே மூன்றாம் டிவிஷனில் இருந்த அமியான் கிளப்புக்குப் போனார். 2016-இல் லீக் 2. 2017 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டம், ரைம்ஸ் மைதானம். 96-வது நிமிஷத்தில் எம்மானுவேல் பூர்கோ அடித்த கோலில் அமியான் இரண்டாம் இடம் பிடித்து லீக் 1-க்கு ஏறியது. அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதல்முறை. அந்த நிமிஷம் வரை மேலே போவதாக நினைத்திருந்த அணிகளின் ரசிகர்கள் வேறு மைதானங்களில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். முதல்முறை லீக் 1 கோச்சாக நின்றபோது பெலிசியேவுக்கு 51 வயது. பிறகு லோரியான் கிளப்பை லீக் 1-க்கு ஏற்றினார். 2022 அக்டோபரில் அவர் போன இடம் எது தெரியுமா? ஓசேர். ரூ போன பிறகு 2012-இல் லீக் 2-க்கு விழுந்து, பத்து வருஷம் கழித்து எழுந்திருந்த அதே ஓசேர். அந்த சீசனில் மறுபடி விழுந்தது. கிளப் அவரைத் துரத்தவில்லை. 2024-இல் லீக் 2 பட்டத்தோடு மேலே வந்தது. விழுந்த கோச்சை வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஊரில் இன்னும் மிச்சமிருக்கிறது போல.

ஃபிராங்க் ஏஸையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆடியதெல்லாம் லவால், போவே, ஆஞ்சே மாதிரி இடங்கள். கோச் வேலையைத் தொடங்கியது மயென் என்ற ஊரின் அமெச்சூர் கிளப்பில். 2022-23-இல் லான்ஸ் அணியைப் பாரிஸுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால், 84 புள்ளிகளோடு நிறுத்தினார்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. 2000-இல் நான்காம் டிவிஷன் கலே கிளப், லதிஸ்லாஸ் லொஸானோ என்ற கோச்சின் கீழ், வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி செய்யும் ஆட்களை வைத்துக்கொண்டு லீல், ஸ்ட்ராஸ்பர்க், போர்தோ என்று ஒவ்வொன்றாகச் சாய்த்து பிரெஞ்சுக் கோப்பை இறுதி வரை வந்தது. நாந்துக்கு எதிராகக் கடைசி நேரப் பெனால்டியில் 2-1 தோல்வி. நாடே கலேவுக்காக அழுதது. 2017-இல் அந்தக் கிளப் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. பெரிய வெற்றி சின்ன கிளப்புக்குச் சில சமயம் பெரிய ஸ்டேடியம், பெரிய சம்பளம், பெரிய கடன் என்று வினையாக முடியும். ரூ கார் மீட்டர் பார்த்ததும், குறைந்த சம்பளம் கேட்டதும் இந்த இடத்தில்தான் வேடிக்கையாகத் தெரியாமல் போகிறது.

கடைசியாக, நீங்கள் பார்க்கும் குறிப்புகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். கிளப் பெயருக்குப் பின்னால் 'பி' என்று இருந்தால் அது ரிசர்வ் அணி. பெரிய கிளப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த அணி நான்காம் ஐந்தாம் டிவிஷனில் ஆடியிருக்கும். டிவிஷன் பெயர்கள் அடிக்கடி மாறியிருக்கின்றன. எழுபதுகளின் 'டிவிஷன் 3'-உம் பிறகு வந்த 'நாஷனல்'-உம் ஏறக்குறைய ஒரே படி. 'சி.எஃப்.ஏ.' என்று இருந்தால் தொண்ணூறுகளிலிருந்து 2017 வரை நான்காம் டிவிஷன், 2017-இல் அதற்கு நாஷனல் 2 என்று பெயர் மாறியது. கோச் பட்டியலில் ஒரே கிளப் இரண்டு மூன்று முறை வந்தால், நடுவில் துரத்தப்பட்டு, அடுத்தவர் சரிப்படாமல், மறுபடி கூப்பிடப்பட்டார் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே கிளப்புக்கு எதிரே பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று இருந்தால் பக்கத்தில் அந்தக் கிளப்பின் தலைவர் பெயரையும் தேடிப் பாருங்கள். அநேகமாக அவரும் அதே பன்னிரண்டு வருஷம் அங்கேதான் இருந்திருப்பார்.